முப்பது கட்டிலுக்கு ஒரே மாடிப்படி

மதுரைச் சீமையில் பலர் ஒன்றாகப் படுக்கும் இடத்துக்குப் படுக்கை செய்து கொடுத்தவர்களில் ஒருவர் உப்பு வணிகர். ஒருவர் பொற்கொல்லர். துணி விற்றவர் ஒருவர், ஏர்க் கொழு விற்றவர் ஒருவர். சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அழகர்மலைக் குகைத்தளத்தில் தமிழி எழுத்தில் வெட்டிய இவர்களின் பெயர்களை இன்றும் படிக்கலாம். மேலூர்ப் பக்கம் மாங்குளம் இன்னும் பழையது. கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். நெடுஞ்செழியன் பெயர் வரும் அந்தக் கல்வெட்டுகளை 1882இல் ராபர்ட் சீவல் கண்டெடுத்தார். கணிநந்தன் என்ற சமணத் துறவிக்காகச் செய்த தங்குமிடம் அது. பாறையில் வரிசையாக வெட்டிய படுக்கைகள், சிலவற்றில் தலைமாட்டில் தலையணைபோல ஒரு மேடு, மழைத்தண்ணீர் உள்ளே வழியாமலிருக்கக் குகை வாயின் மேலே ஒரு காடி. அரிட்டாபட்டி, கீழவளவு, விக்கிரமங்கலம் என்று மதுரையைச் சுற்றி இப்படிப் பல மலைகள் இருக்கின்றன.

அவை துறவிகளின் பள்ளிகள், வழிப்போக்கர் விடுதிகள் அல்ல என்று தொல்லியல்காரர்கள் திருத்துவார்கள். திருத்தட்டும். பக்கத்துப் படுக்கைக்காரரின் குறட்டையைச் சகித்துக்கொண்டு படுக்கும் வழக்கம் இந்த ஊருக்குப் புதிதல்ல என்பதற்காகத்தான் சொல்ல வந்தேன். அங்கே போனால் இன்னொன்றையும் பாருங்கள். அந்தக் குகைகளுக்குக் கதவு கிடையாது. முன்பக்கம் முழுக்கத் திறந்து கிடக்கிறது.

குறைந்த செலவில் மதுரையில் எங்கே தங்கலாம் என்று எழுதித் தரச் சொன்னது பத்திரிகை. விடுமுறைக் காலம், விற்கும் என்பது அவர்கள் கணக்கு. கோவாவிலும் மணாலியிலும் இளைஞர்கள் முதுகுப்பையோடு போய் ஒரே அறையில் எட்டுப் பேராகப் படுத்து, விடிவதற்குள் சிநேகிதமாகிவிடுகிறார்களாம். அந்தக் காற்று தெற்கேயும் வீசுகிறதா என்று பார்க்கவேண்டுமாம். கொஞ்சம் வீசத்தான் செய்கிறது. ஆனால் டவுன் ஹால் ரோட்டிலும் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியிலும் பெரியார் பேருந்து நிலையத்தைச் சுற்றிய சந்துகளிலும் ‘டார்மிட்டரி’ என்று பலகை தொங்கும் மாடிகளில் ஏறிப் பாருங்கள். ஊர் சுற்ற வந்தவரைவிட வேலையாக வந்தவர்தான் அதிகம்.

முக்கியமாக, வழக்குக்காரர்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலையில் திறந்ததிலிருந்து, கன்னியாகுமரி தொடங்கித் திருச்சி, புதுக்கோட்டை வரை தென்மாவட்டத்து வழக்குக் கட்டெல்லாம் இங்கேதான் வருகிறது. காலையில் வக்கீலைப் பார்க்க வேண்டியவர் முந்தின ராத்திரியே வந்து படுத்துவிடுவார். அடுத்தது, அரசு ராஜாஜி மருத்துவமனையில் ஆளைச் சேர்த்துவிட்டு ஓர் இரவாவது கால் நீட்டிப் படுக்க வருபவர். பிறகு தேர்வு எழுத வந்த பிள்ளைகள், சரக்கு எடுக்க வந்த சிறு வியாபாரி, ராமேஸ்வரம் போகும் வழியில் மீனாட்சியைப் பார்க்க இறங்கிய வடநாட்டுக் குடும்பம், கார்த்திகை பிறந்துவிட்டால் மாலை போட்ட சாமிகள். இவர்களில் யாரும் ‘அனுபவம்’ தேடி வரவில்லை. தனி ரூம் போடக் கட்டாது, அவ்வளவுதான்.

கொடுக்கும் சில நூறு ரூபாய்க்கு ஒரு கட்டில், அல்லது இரண்டடுக்குக் கட்டிலில் ஒரு தட்டு. பூட்டு நீங்களே கொண்டுவர வேண்டிய ஒரு லாக்கர். பொதுக் குளியலறை. காலை ஆறு மணிக்கு அதன் வாசலில் தோளில் துண்டோடு நிற்கும் வரிசையில் வக்கீல் குமாஸ்தாவும் வருவார், மணப்பாறை மாட்டு வியாபாரியும் வருவார். சார்ஜ் போட ஒரே பிளக், அதில் ஒரு நீட்டுப்பெட்டி, அந்தப் பெட்டியில் இன்னொரு நீட்டுப்பெட்டி. ஆதார் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். ஆபத்து வந்தால் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. பலகைகளை எண்ண ஏறிய நான் மாடிப்படிகளை எண்ண ஆரம்பித்தது இங்கேதான். பல இடங்களில் அந்தக் கணக்கு ஒன்றோடு முடிந்துவிட்டது.

மதுரையில் பொது இடத்தில் படுத்தவர்களில் இலக்கியம் அறிந்த ஆள் ஆபுத்திரன். ஊர் ஊராகத் துரத்தப்பட்டவன் தென்மதுரைக்கு வந்து, சிந்தாதேவி கோயில் வாசல் அம்பலத்தில் தங்கினான். பகலில் பிச்சை எடுத்துக் குருடரையும் முடவரையும் கூட்டி வைத்து ஊட்டிவிட்டு, இரவில் திருவோட்டையே தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டான். மணிமேகலை சொல்கிற அந்த அம்பலமும் திறந்தவெளிதான்.

அடுத்த பெரிய பெயர் ராணி மங்கம்மாள். பேரன் விஜயரங்க சொக்கநாதனுக்காக 1689 முதல் 1706 வரை ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்தவர். சாலை போட்டு, ஓரத்தில் மரம் வைத்து, இடையிடையே சத்திரம் கட்டியதற்காகத்தான் சனங்கள் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது மங்கம்மாள் சத்திரம் என்று நாம் வழி சொல்கிறோம். கணக்குப்படி அது தலைகீழ். திருச்சியிலிருந்து ரயில் மதுரைக்கு வந்ததே 1875இல்தான். சத்திரத்துக்கு எதிரே வந்து இறங்கியது ரயில் நிலையம். ஜெர்மனியில் ஆல்டெனா கோட்டையில் இளைஞர் விடுதி திறந்தது 1912இல். உலகெங்கும் இன்று இருக்கும் ஹாஸ்டல்களுக்கு அதைத்தான் தாய்வீடு என்கிறார்கள். மங்கம்மாள் அதற்கு இருநூறு ஆண்டு மூத்தவர்.

சத்திரம் என்றாலே நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், சமையல் பின்கட்டில் என்பதுதான் இந்தப் பக்கத்துக் கட்டுமானம். எந்த மூலையில் படுத்திருந்தாலும் நாலு எட்டு வைத்தால் வானம் தெரியும். அந்தக் காலத்தில் தாழ்வாரத்திலும் பந்தியிலும் சாதி பார்த்தார்கள், இன்றைய விடுதியில் கட்டில் எண் மட்டும்தான் பார்க்கிறார்கள், ஆகவே பழையதைப் புகழாதே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. நான் பேசுவது கட்டடத்தைப் பற்றி.

ஏனென்றால் சமீபத்தில் இரண்டு விடியற்காலைகள் இந்த ஊரில் மிக மோசமாக விடிந்தன.

முதலாவது 2023 ஆகஸ்ட் 26. உத்தரப் பிரதேசத்திலிருந்து யாத்ரீகர்களை ஏற்றி வந்த ஒரு தனிப் பெட்டி, புனலூர் ரயிலிலிருந்து கழற்றப்பட்டு மதுரை நிலையத்துக்கு அருகே தனித் தடத்தில் நின்றிருந்தது. அது வெறும் ரயில்பெட்டி அல்ல. நாட்கணக்கில் அவர்கள் படுத்ததும் எழுந்ததும் சமைத்ததும் அதற்குள்தான். ஊர் ஊராக ரூம் போடுவதைவிட மலிவான, சக்கரம் வைத்த டார்மிட்டரி. விதியை மீறி உள்ளே கொண்டுவந்திருந்த கேஸ் சிலிண்டரை வைத்து விடியற்காலையில் டீ போடப்போய்த் தீப்பிடித்தது. ஒன்பது பேர் இறந்தார்கள்.

இரண்டாவது, அடுத்த ஆண்டு செப்டம்பர் 12. பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கட்ராபாளையத்தில் பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதி. ஃப்ரிட்ஜ் வெடித்துப் பிடித்த தீயில் அறைகளைப் புகை சூழ்ந்தது. இரண்டு பெண்கள் மூச்சுத்திணறி இறந்துபோனார்கள். வேலைக்காகவும் படிப்புக்காகவும் ஊரை விட்டு வந்து பகிர்ந்து தங்கும் எத்தனையோ பெண்களைப்போல வந்தவர்கள்தான் அவர்களும்.

இரண்டு செய்தியும் சில நாள் ஓடின, பிறகு நின்றுவிட்டன. எனக்குத்தான் அந்தப் புகை இன்னும் கலையவில்லை. தீயில் பலரைச் சுடுவதற்கு முன்பே கொன்றுவிடுவது புகை. சூடான புகை மேலே ஏறிக் கூரையிலிருந்து கீழே இறங்கும். இரண்டடுக்குக் கட்டிலில் மேல்தட்டுக்காரர்தான் முதலில் சுவாசிப்பார், அதுவும் தூக்கத்தில். ஏ.சி. அறை என்பதால் சன்னல் திறக்காது. திறந்தாலும் திருட்டுக்குப் பயந்து கம்பி போட்டிருக்கும். அறையைத் தடுத்திருப்பது பிளைவுட், மெத்தைக்குள் ஃபோம். இரண்டும் எரிவதற்கென்றே செய்ததுபோல எரியும். படிக்கட்டு ஒன்று. அதன் அடியில் தண்ணீர் கேன்களும் வாட்ச்மேனின் சைக்கிளும் நிற்கும். கீழே இரும்புக் கதவு. ராத்திரி பத்தரைக்கு மேல் அதற்கும் பூட்டு.

பெண்கள் விடுதியில் அந்தப் பூட்டு இன்னும் பெரிது. 2014இல் பொள்ளாச்சியில் விடுதிச் சிறுமிகளுக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு, அதே ஆண்டில் தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டம் வந்தது. உரிமம், காப்பாளர், காவலாள், கேமரா என்று அவசியமானவற்றைத்தான் கேட்டது. ஆனால் நடைமுறையில் ‘பாதுகாப்பு’ என்றால் வெளியிலிருந்து யாரும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வது என்று ஆகிவிட்டது. உள்ளே இருப்பவள் வெளியே வருவதைப் பற்றி யோசிப்பவர் குறைவு. சாவி காப்பாளரிடம் இருக்கும், காப்பாளர் தூங்கிக்கொண்டிருப்பார். ஆண்கள் படுக்கும் டார்மிட்டரிகள் இந்தச் சட்டத்துக்குள்ளேயே வருவதில்லை.

நெறிமுறை இல்லாமலில்லை. 2016ஆம் ஆண்டு தேசியக் கட்டட நெறித்தொகுப்பு டார்மிட்டரியைத் தனி வகையாகவே பிரித்து வைத்திருக்கிறது. வெளியேறும் கதவு ஒரு மீட்டர் அகலத்துக்குக் குறையக்கூடாது, வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், வழியை எதையும் வைத்து அடைக்கக்கூடாது என்கிறது. மூன்றுமே ஒரு கொல்லனையும் தச்சனையும் வைத்து ஒரு வாரத்தில் முடிக்கக்கூடிய வேலை.

இந்த வாடகைக்கு இரண்டாவது படிக்கட்டு கட்டினால் கட்டுபடியாகுமா என்று விடுதி நடத்துபவர்கள் கேட்கிறார்கள். ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட தங்குமிடத்துக்கு இருந்த ஜி.எஸ்.டி. விலக்கும் 2022 ஜூலை 18 முதல் போய், 12 சதவீதம் வந்தது. 2025 செப்டம்பரில் அது 5 ஆகக் குறைந்திருக்கிறது. அவர்கள் கஷ்டம் அவர்களுக்கு. ஆனாலும் கட்டில் எண்ணிக்கையை முப்பதிலிருந்து இருபதாகக் குறைக்க வரி தடையில்லை. ராத்திரியில் உள்தாழ்ப்பாள் மட்டும் போட்டு, பூட்டைத் தூக்கி மேசைக்குள் வைக்கவும் காசு செலவில்லை.

சுற்றுலா நகரம், யாத்திரை நகரம் என்று மதுரைக்கு எத்தனையோ திட்டம் பேசுகிறார்கள். பேசுபவர்கள் முதலில் ஒரு கணக்கெடுக்கட்டும். ஒரே அறையில் பத்துப் பேருக்கு மேல் படுக்கும் கட்டடங்கள் இந்த ஊரில் எத்தனை, அவற்றில் இரண்டு வழி உள்ளவை எத்தனை? அந்தப் பட்டியலை விடுதி வாசலில் ஒட்டினால் போதும், மீதியை வாடிக்கையாளர் பார்த்துக்கொள்வார்.

அதுவரை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பணம் கட்டும் முன் மாடிக்குப் போய் இரண்டாவது வழி எது என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் நடந்து காட்டச் சொல்லுங்கள். இரவில் வாசலைப் பூட்டுவார்களா, சாவி யாரிடம் என்று விசாரியுங்கள். முடிந்தால் கீழ்த்தட்டுக் கட்டிலைக் கேட்டு வாங்குங்கள். போனைத் தலையணைக்கு அடியில் வைத்து ராத்திரி முழுக்கச் சார்ஜ் போடாதீர்கள். பதில் சரியாக வராவிட்டால் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுங்கள். ராத்திரி பதினொரு மணியானாலும் பரவாயில்லை. டவுன் ஹால் ரோட்டில் அந்த நேரத்திலும் ஆள் நடமாட்டம் இருக்கும், விடுதிக்கும் பஞ்சமில்லை.