போகிக் குப்பையும் பொங்கல் செலவும்

தைப்பொங்கல் உழவர்களின் திருநாள். மார்கழி மாதத்தின் கடைசி நாளாகிய போகிக்குள் வீட்டைத் துப்புரவாக்கிச் சுவர்களுக்கு வெள்ளையடித்து, தை முதல் நாளில் புதுப்பானையில் புத்தரிசி இட்டுப் பொங்குவது தமிழ்நாட்டுக் கிராமங்களில் வழிவழியாக வரும் வழக்கமாகும். இவ்வழக்கத்தில் சுகாதாரமும் உண்டு; சிக்கனமும் உண்டு. ஆயினும் இன்று பல குடும்பங்களில் பொங்கல் என்றவுடன் முதலில் நினைவுக்கு வருவது செலவுதான். வெள்ளையடிக்கும் செலவு, காய்கறிச் செலவு, துணிமணிச் செலவு எனப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. அதே சமயத்தில், போகியன்று விடியற்காலையில் தெருவில் தீயிட்டுக் கொளுத்தப்படும் பொருள்களைப் பார்த்தால், நிலத்துக்கு உரமாகக்கூடியவை பலவும் வீணே சாம்பலாவதைக் காணலாம்.

போகியன்று எரிக்கும் மக்கும் குப்பையை முறையாகக் குழியிலிட்டால், அது ஆடி மாதத்துக்குள் நல்ல உரமாகிவிடும். அவ்வுரமிட்டு ஆடிப் பட்டத்தில் ஊன்றிய விதை, அடுத்த தைப்பொங்கலுக்குக் காய் தரும். போகி, ஆடி, தை ஆகிய இம்மூன்றையும் ஒரே சங்கிலியாக இணைத்துக்கொள்ளும் குடும்பத்துக்குப் பண்டிகைச் செலவு வெகுவாகக் குறையும். அதற்கான வழிமுறைகளைக் கீழே காண்போம்.

பண்டிகையும் கடனும்

காவிரிப் பாசனப் பகுதிகளில் சம்பா அறுவடை பெரும்பாலும் தை, மாசி மாதங்களில் நடைபெறுகிறது. நெல்லை விற்றுப் பணம் கைக்கு வருமுன்பே பொங்கல் வந்துவிடுகிறது. ஆகவே, பலர் கைமாற்றாகவோ வட்டிக்கோ பணம் வாங்க நேரிடுகிறது. ஒருவர் பண்டிகைக்காக ரூ.5,000 கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டியென்றால், மாதம் ஒன்றுக்கு வட்டி ரூ.150 ஆகிறது. பத்து மாதங்களில் ரூ.1,500 வட்டியாகவே போய்விடும். அசல் அப்படியே நிற்கும். ஆண்டுக் கணக்கில் இது நூற்றுக்கு 36 ஆகும். கந்துவட்டியைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. சட்டத்தின் பாதுகாப்பு ஒருபுறம் இருக்க, கடன் வாங்க வேண்டிய தேவையையே குறைத்துக்கொள்வது குடும்பத்தின் கையில் இருக்கிறது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சிறுசேமிப்பு. ஆடி முதல் தேதியிலிருந்து வாரம் ரூ.100 வீதம் தபால் நிலையத்திலோ, கூட்டுறவுச் சங்கத்திலோ, மகளிர் சுய உதவிக் குழுவிலோ செலுத்தி வந்தால், மார்கழிக் கடைசிக்குள் 25 வாரங்களில் ரூ.2,500 சேர்ந்துவிடும். பதிவு பெறாத பண்டிகைச் சீட்டுகளில் பணத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் ஏமாற்றமடைவதைத் தவிர்க்க வேண்டும். மற்றொரு வழி, பணம் கொடுத்து வாங்கும் பண்டங்களில் எவற்றை வீட்டிலேயே உண்டாக்கலாம் என்று பார்ப்பது.

வெள்ளையடிக்கும் முறை

வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்து மார்கழியில் ஓய்கிறது. மழையில் நனைந்த சுவர்களில் ஈரம் ஊறிப் பூஞ்சணமும் பாசியும் படிகின்றன. மழை ஓய்ந்த உடனே சுவரைத் தேய்த்துச் சுண்ணாம்பு அடிப்பது இக்காரணத்தால் பொருத்தமானது. சுண்ணாம்பின் காரத்தன்மை பூஞ்சணத்தையும் கிருமிகளையும் ஒடுக்கும். அடித்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று இறுகிச் சுவரோடு பற்றிக்கொள்ளும். மண் சுவரிலும் சுண்ணாம்புப் பூச்சுச் சுவரிலும் உள்ளே தங்கிய ஈரம் வெளியேற அது வழி விடும். விலையுயர்ந்த எண்ணெய் வர்ணங்களுக்கு இக்குணம் இல்லை.

ஒரு கிலோ நீற்றாத சுண்ணாம்புக்கு 5 லிட்டர் தண்ணீர் என்பது கணக்கு. கிளிஞ்சல் சுண்ணாம்பை மண்தொட்டியிலோ இரும்பு வாளியிலோ இட்டுத் தண்ணீர் ஊற்றி நீற்ற வேண்டும். நீறும்போது மிகுந்த சூடு உண்டாகுமாதலால் பிளாஸ்டிக் பாத்திரமும், சுண்ணாம்பு அரித்துவிடுமாதலால் அலுமினியப் பாத்திரமும் ஆகா. ஒரு நாள் முழுவதும் ஊறவைத்துக் கலக்கி, துணியில் வடிகட்டிச் சிறிது பசைக் கஞ்சி சேர்த்துக்கொண்டால், கையில் ஒட்டாத வெள்ளை கிடைக்கும். சுவரிலுள்ள பொருக்குகளைச் சுரண்டித் தண்ணீர் தெளித்தபின் அடிக்க வேண்டும். புதுச் சுவருக்கு மூன்று முறையும், பழைய சுவருக்கு ஒன்றிரண்டு முறையும் அடித்தால் போதும். முதற் பூச்சு உலர்ந்த பின்னரே அடுத்த பூச்சு அடிக்கலாம்.

நீற்றும் இடத்துக்குக் குழந்தைகளை வரவிடலாகாது. கண்ணில் சுண்ணாம்பு தெறித்தால் கசக்காமல், உடனே நிறையத் தண்ணீர் விட்டு நெடுநேரம் கழுவி, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

வெள்ளையடிக்கும் வேலையோடு வீட்டைச் சுற்றிலும் ஒருமுறை பார்வையிடுவது நலம். மழைத் தண்ணீர் தேங்கிய சிரட்டைகள், உடைந்த சட்டிகள், பழைய டயர்கள் ஆகியவற்றில் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் ஆகும். ஆகவே, வாரம் ஒருமுறை இவற்றைக் கவிழ்த்தும் அப்புறப்படுத்தியும் வந்தால் கொசு பெருக வழியில்லை.

எரிப்பதால் வரும் நஷ்டம்

முற்காலத்தில் போகியன்று எரிக்கப்பட்டவை கிழிந்த கோரைப்பாய், தேய்ந்த துடைப்பம், ஓலைக்கூடை முதலியவை. இவையனைத்தும் மண்ணில் விளைந்து மண்ணில் மக்கும் பொருள்கள். இன்றோ இவற்றுடன் நைலான் பாய், பிளாஸ்டிக் வாளி, ரப்பர் டயர் ஆகியவையும் தீயில் விழுகின்றன. டயர் எரியும்போது கரிப்புகையும் கந்தக வாயுவும் நச்சுப் பொருள்களும் வெளிப்படுகின்றன. பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் எரியும்போது டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டாகிறது. மார்கழிப் பனியில் இப்புகை மேலெழும்பாமல் தரையோடு தங்கிவிடுவதால், ஆஸ்துமா நோயாளிகளும் முதியோரும் குழந்தைகளும் பெரிதும் துன்புறுகின்றனர். 2018 ஆம் ஆண்டு போகியன்று காலை சென்னையில் புகைமூட்டம் அடர்ந்ததால், அங்கு இறங்க வேண்டிய விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன.

மக்கும் பொருள்களை எரிப்பதும் நஷ்டமே. இலை, தழை, வைக்கோல் ஆகியவற்றைக் கொளுத்தினால், அவற்றிலுள்ள தழைச்சத்தின் பெரும்பகுதி வாயுவாகப் போய்விடுகிறது. மண்ணுக்கு உயிரூட்டும் அங்ககப் பொருளும் அழிகிறது. சாம்பல்சத்து மட்டுமே எஞ்சுகிறது. அதையும் தெருவிலேயே விட்டுவிட்டால் காற்றடித்துக்கொண்டு போய்விடும்.

குப்பையை எரிப்பதற்கு முன் மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. பழைய பெட்டிகளை ஒழிக்கும்போது நிலப்பத்திரம், பட்டா, ரசீது, பள்ளிச் சான்றிதழ், ஓலைச்சுவடி முதலியன கலந்திருக்கக்கூடும். ஒவ்வொரு தாளையும் பார்த்த பின்பே வெளியேற்றுக.

உரக்குழி

குப்பையிலிருந்து உரம் தயாரிக்கும் இந்தூர் முறை உலகப் புகழ் பெற்றது. ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் விஞ்ஞானி 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆராய்ந்து, நம் நாட்டு உழவர்களின் வழக்கங்களையும் கற்று, இம்முறையை வகுத்தார். அதன் அடிப்படை யாவரும் எளிதில் கையாளத்தக்கது.

ஒரு குடும்பத்துக்கு 6 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி ஆழமுள்ள குழி போதும். தண்ணீர் தேங்காத மேட்டில், கிணற்றுக்குத் தொலைவில், மர நிழலில் இது அமைவது நல்லது. கோரைப்பாயையும் ஓலைக்கூடையையும் சிறு துண்டுகளாக வெட்டி, சருகுகளுடன் கலந்து அரையடி உயரம் பரப்ப வேண்டும். அதன்மேல் சாணத்தைக் கரைத்துத் தெளித்துச் சிறிது மேல்மண் தூவ வேண்டும். இவ்வாறே அடுக்கடுக்காக நிரப்பி, வெயிலில் உலராதபடி மேலே ஓலையிட்டு மூட வேண்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் கசியும் அளவுக்கு நனைந்திருந்தால் போதும், தண்ணீர் சொட்டலாகாது. பதினைந்து நாட்களுக்கு ஒருமுறையாக இருமுறையும், பின்னர் இரண்டாம் மாத முடிவில் ஒருமுறையும் கிளறிவிட்டால், மூன்று நான்கு மாதங்களில் உரம் தயாராகும். கிளறாமல் விட்டாலும் ஆடிக்குள் பெரும்பாலும் மக்கிவிடும்.

பொங்கலுக்குப் பின் சேரும் கரும்புச் சக்கை, வாழையிலை, மஞ்சள் தழை, தோரண இலைகள் ஆகியவையும் இக்குழிக்கே உரியவை. கரும்புத் தோகையின் பசுமையான நுனியை மாடுகளுக்குத் தீவனமாக்கலாம். வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பைக் குழியில் கொட்டலாகாது. சாணத்தோடு சுண்ணாம்பு சேர்ந்தால் தழைச்சத்து அம்மோனியா வாயுவாக வெளியேறிவிடும்.

பொங்கலுக்கான தோட்டம்

பொங்கற் குழம்புக்கு வேண்டிய அவரை, மொச்சை, பூசணி, சர்க்கரைவள்ளி ஆகியவை பண்டிகை நாளில் விலை ஏறி விற்பவை. இவை அனைத்தும் ஆடியை ஒட்டிக் கொல்லையில் நடத்தக்கவை. நாட்டு அவரையும் மொச்சையும் பகற்பொழுது குறுகும் காலத்தில் பூக்கும் இயல்புடையன. ஆகையால் ஆடியில் ஊன்றியவை மார்கழி, தை மாதங்களில் தவறாது காய்க்கின்றன. பூசணி நான்கு மாதங்களில் முற்றி, பறித்தபின்னும் பல வாரங்கள் கெடாமல் இருக்கும். பானையில் கட்டும் மஞ்சள் கொத்துக்கும் இஞ்சிக் கொத்துக்கும் வைகாசி, ஆனியில் சில கிழங்குகளை நட்டு வைத்தால் போதும். இவற்றுக்கு அரை சென்ட் நிலம் போதுமானது. பந்தலும் வேலியும் அவரைக்கு. குப்பைமேட்டின் ஓரம் பூசணிக்கு. நிழல் விழும் இடம் மஞ்சளுக்கும் இஞ்சிக்கும்.

குளிக்கும் தண்ணீரும் பாத்திரம் கழுவும் தண்ணீரும் தெருவில் ஓடி வம்பு விளைவிக்காமல், வாழைக்கும் கல்வாழைக்கும் பாயும்படி வாய்க்கால் வகுத்துக்கொள்ள வேண்டும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 என்னும் செடி முருங்கையை வேலியோரம் விதைத்தால், ஏறக்குறைய ஆறு மாதங்களில் காய்க்கத் தொடங்கும்.

பொங்கல் முடிந்தவுடன் தைப் பட்டம் தொடங்கிவிடுகிறது. வெண்டை, கத்தரி, கொத்தவரை, கீரை வகைகளை அப்பொழுது விதைக்கலாம். நோயில்லாத செடியில் நன்கு முற்றிய காய்களை விதைக்கென விட்டு, நிழலில் உலர்த்திச் சாம்பல் கலந்து மண்கலத்தில் மூடி வைத்தால், அடுத்த ஆண்டு விதைக்குப் பணம் தேட வேண்டாம். ஆனால் வீரிய ஒட்டு ரகங்களில் எடுத்த விதை தாய்ச்செடியின் குணத்தோடு விளையாது. விதைக்கு நாட்டு ரகங்களே ஏற்றவை.

தொழுவத்தில் ஓர் எச்சரிக்கை

மாட்டுப் பொங்கலன்று அன்பு மிகுதியால் மாடுகளுக்குப் பொங்கற் சோற்றை அளவின்றி ஊட்டுகிறவர்கள் உண்டு. வழக்கமாக வைக்கோலும் புல்லும் தின்னும் மாட்டின் வயிற்றில் சோறு திடீரென்று மிகுந்தால், அமிலம் பெருகி வயிறு உப்பும். மாடு தீனியை வெறுத்துப் படுத்துவிடும். உயிருக்கும் ஆபத்து நேரிடலாம். ஒரு கறவை மாட்டை இழந்த குடும்பம் எந்தச் சிக்கனத்தாலும் அதை ஈடுசெய்ய இயலாது. ஒரு கைப்பிடி பொங்கலைப் பிரசாதமாக ஊட்டி, வயிறு நிறையப் பசும்புல் போடுவதே மாட்டுக்குச் செய்யும் மரியாதை. வயிறு உப்பிய மாட்டை உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

இவற்றில் சில காரியங்கள் தனிக் குடும்பத்தால் மட்டும் நிறைவேறா. போகிக்குப் பத்து நாட்களுக்கு முன்னரே பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கூடி, தெருவுக்கு ஓர் இடமும் நேரமும் குறித்து, மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் தனித்தனியே பெற்றுக்கொள்ள ஏற்பாடு செய்யலாம். இச்செய்தியை ஒலிபெருக்கி மூலமும் பள்ளி மாணவர் மூலமும் வீடுதோறும் அறிவிக்கலாம். டயர், பிளாஸ்டிக், கண்ணாடி ஆகியவற்றைத் தூய்மைக் காவலர்கள் சேகரித்துப் பழைய பொருள் வாங்குவோரிடம் சேர்ப்பிக்கலாம். மக்கும் குப்பை பஞ்சாயத்து உரக்குழிக்குச் செல்லட்டும். ஒரு தடவை மட்டும் பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை விதிக்கப்பட்டது. கடைவீதியில் இத்தடை கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்பட்டால், அடுத்த போகிக்குச் சேரும் குப்பையே குறைந்துவிடும்.

பொங்கல் முடிந்த இரண்டு வாரத்துக்குள் ஜனவரி 26 கிராம சபை கூடுகிறது. அவ்வாண்டுப் போகியில் எத்தனை வண்டிக் குப்பை குழிக்குச் சென்றது, எத்தனை தெருக்களில் தீ மூட்டப்படவில்லை என்ற கணக்கை அச்சபையில் படிக்க வேண்டும். ஆடியில் உரம் எடுக்கும்போது, கொல்லை வைத்திருக்கும் ஏழைக் குடும்பங்களுக்கு முதலில் கூடைக் கணக்கில் வழங்கத் தீர்மானம் செய்யலாம். ஊர் மக்கள் கண்முன்னே குப்பை உரமாக மாறி, உரம் காயாக மாறுவதைக் கண்டபின், எரிக்க வேண்டாமென்று எவருக்கும் உபதேசம் செய்ய வேண்டியிராது.

இவ்வாண்டு போகிக்கு வீட்டுக்கு ஒரு குழி வெட்டுவது முதற்படி. அதற்கு மண்வெட்டியும் ஒரு நாள் உழைப்பும் தவிர வேறு செலவில்லை. அக்குழியைத் தொடங்கி வைக்கும் குடும்பங்களும், அவர்களுக்குத் துணை நிற்கும் பஞ்சாயத்தும், வரும் ஆண்டில் கடனின்றிப் பொங்கல் பொங்கும் நிலையை நோக்கி உறுதியாக முன்னேறும் என்பதில் ஐயமில்லை.