சும்மா இருக்கும் மூளையின் வேலை

ஒருவர் தம் எண்ணங்களோடு மட்டும் தனித்திருப்பது ஏன் கடினமாக இருக்கிறது என்ற கேள்வி நெடுங்காலம் மெய்யியலாளர்களுக்கும் துறவிகளுக்கும் உரியதாகவே இருந்து வந்தது. அதை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்து, நிமிடக் கணக்கிலும் மதிப்பெண் கணக்கிலும் அளந்து பார்க்கும் முயற்சி அண்மைக் காலத்தது. அம்முயற்சிகளில் மிகுதியாகப் பேசப்பட்டது, அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் திமோதி வில்சனும் அவருடைய குழுவினரும் 2014-ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வாகும். மனிதர்கள் தம் எண்ணங்களோடு இருப்பதைவிட மின்னதிர்ச்சியையே விரும்புகிறார்கள் என்று ஒரே வரியாகச் சுருங்கி அது பல நாடுகளின் செய்தித்தாள்களில் பரவியது. ஆய்வை முழுமையாகப் படிப்பவருக்கு அந்த வரி பாதி உண்மையாகவும், அதனினும் சுவையான மறுபாதியை மறைப்பதாகவும் தோன்றும்.

அந்த ஆய்வு ஒரே சோதனை அன்று. 11 சோதனைகளின் தொகுப்பு. முதல் ஆறு சோதனைகளில் கல்லூரி மாணவர்கள், கைப்பேசியையும் எழுதுபொருள்களையும் வெளியே வைத்துவிட்டு, அலங்காரம் எதுவும் இல்லாத அறையில், இருக்கையை விட்டு எழாமலும் உறங்கிவிடாமலும், 6 முதல் 15 நிமிடம் வரை தமக்குப் பிடித்த எதையேனும் நினைத்துக்கொண்டிருக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். முடிவில் 57.5 விழுக்காட்டினர் மனத்தை ஒருமுகப்படுத்துவது கடினமாக இருந்தது என்றனர். ஏறத்தாழ பாதிப் பேருக்கு அந்த நேரம் பெரிதாக இனிக்கவில்லை. 89 விழுக்காட்டினர் தம் மனம் அலைந்ததாகக் கூறினர். கவனத்தைக் கலைக்க வெளியே எதுவுமே இல்லாத அறையில், பத்தில் ஒன்பது பேருடைய மனம், அவர்களே விரும்பித் தேர்ந்த நினைப்பை விட்டு விலகியது என்பதே இவற்றுள் கூர்ந்து நோக்கத்தக்கது. இதே பணியை வீட்டிலிருந்தபடி செய்யச் சொன்னபோது, 32 விழுக்காட்டினர் இடையில் எழுந்ததையோ, பாட்டுக் கேட்டதையோ, கைப்பேசியை எடுத்ததையோ தாமே ஒப்புக்கொண்டனர். இளையோரின் குறை இது என்று ஒதுக்கிவிட இயலாதபடி, உழவர் சந்தையிலும் தேவாலயத்திலும் திரட்டப்பட்ட 18 முதல் 77 வயது வரையிலான பொதுமக்களிடமும் முடிவு ஏறத்தாழ அவ்வாறே அமைந்தது. வயதுக்கோ, திறன்பேசியையும் சமூக ஊடகங்களையும் பயன்படுத்தும் அளவுக்கோ, இந்த இடர்ப்பாட்டோடு தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் கைப்பேசியையே குற்றஞ்சாட்டும் வழக்கம் உடையோர் இந்த இடத்தில் சற்று நின்று செல்லலாம்.

புகழ்பெற்ற மின்னதிர்ச்சிச் சோதனை இந்த வரிசையில் பத்தாவதாக வருகிறது. அதில் கலந்துகொண்டவர்களுக்கு முதலில் ஒரு மின்னதிர்ச்சி மாதிரியாகக் கொடுக்கப்பட்டு, கையில் 5 டாலர் இருந்தால் அதை மீண்டும் பெறாமல் இருக்க எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்கப்பட்டது. பணம் கொடுத்தேனும் அதைத் தவிர்ப்பதாகச் சொன்ன 42 பேரின் முடிவுகளே கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டன. இவர்கள் 15 நிமிடம் தனியே அமர்ந்து சிந்திக்கும்போது, விரும்பினால் ஒரு பொத்தானை அழுத்தி அதே அதிர்ச்சியைப் பெறலாம். அழுத்த வேண்டிய கட்டாயம் இல்லை. ஆண்கள் 18 பேரில் 12 பேரும், பெண்கள் 24 பேரில் 6 பேரும் ஒரு முறையேனும் அழுத்தினர். ஓர் ஆண் மட்டும் 190 முறை அழுத்தியதால், சராசரி காணும்போது அவரை ஆய்வாளர்கள் தனியே ஒதுக்கிவைக்க நேர்ந்தது. புதிய புலனுணர்வுகளை நாடும் போக்கு ஆண்களிடம் மிகுதி என்பதே இந்த வேறுபாட்டுக்கு அவர்கள் தரும் விளக்கம். எண்களைக் கூட்டிப் பார்த்தால் 42 பேரில் 18 பேர் அழுத்தினர், 24 பேர் அழுத்தவே இல்லை. பெரும்பான்மையினர் தம் எண்ணங்களோடு கால் மணி நேரத்தைக் கழித்துவிட்டனர் என்பதும் அதே சோதனையின் முடிவுதான், ஆனால் அது தலைப்புச் செய்தியாகவில்லை.

அழுத்தியவர்கள்கூட எண்ணங்களிடமிருந்து தப்பியோடவே அழுத்தினார்களா என்பது தனிக் கேள்வி. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், பங்கேற்றவர்களில் ஒரு பிரிவினர் ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவான ஒரு காட்சித் துண்டையே ஒரு மணி நேரம் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது. அவர்களும், சாதாரணப் படம் பார்த்தவர்களைவிட மிகுதியாகத் தமக்குத் தாமே மின்னதிர்ச்சி கொடுத்துக்கொண்டனர். அங்கே கண்முன் படம் ஓடிக்கொண்டிருந்தது. சிந்திக்குமாறு எவரும் சொல்லவில்லை. ஆகவே பொத்தானை நோக்கிக் கையை நகர்த்தியது தன் மனத்தைக் கண்ட அச்சம் என்பதைவிடச் சலிப்பு என்று கொள்வதே பொருந்தும். கீரன் ஃபாக்ஸ், கலீனா கிறிஸ்டாஃப் உள்ளிட்ட நரம்பறிவியலாளர்களும் 2014-ஆம் ஆண்டிலேயே வில்சன் குழுவின் தரவுகளை மறுபடி நோக்கி, பங்கேற்றவர்களில் பலருக்குச் சிந்தனை நேரம் மிதமான இன்பமாகவே இருந்தது என்றும், அது வெறுக்கத்தக்கது என்ற முடிவுக்குத் தரவுகள் இடம் தரவில்லை என்றும் மறுப்பெழுதினர்.

வெறுப்பு இல்லையென்றால் கடினம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிய, ஓய்ந்திருக்கும் மூளை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்வில் இருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. கண்மூடி ஓய்ந்திருப்பவர் கடினமான மனக்கணக்கைப் போடத் தொடங்கும்போது மூளையின் மொத்த ஆக்சிஜன் செலவு குறிப்பிடத்தக்க அளவு மாறுவதில்லை என்பதை லூயி சோக்கலாஃபும் உடனாய்வாளர்களும் 1955-இலேயே அளந்து காட்டினர். 1990-களில் மூளைப் படப்பிடிப்புக் கருவிகள் பரவலானபோது இன்னொரு வியப்பும் சேர்ந்தது: பணி ஒன்றைக் கொடுத்ததும் சில பகுதிகளின் செயல்பாடு கூடுவதற்கு மாறாகக் குறைந்தது, பணி முடிந்ததும் மீண்டும் ஏறியது. செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கஸ் ரெய்க்ல் 2001-இல் இதை மூளையின் 'இயல்புநிலைச் செயல்பாடு' என்று பெயரிட்டு விளக்கினார். முன்மூளைப் புறணியின் நடுப்பகுதியையும் மூளையின் பின்புற நடுப்பகுதிகளையும் இணைக்கும் இந்த இயல்புநிலை வலையமைப்பு, வெளிவேலை இல்லாதபோது கடந்ததை நினைப்பதிலும், வரப்போவதைக் கற்பனை செய்வதிலும், பிறர் மனத்தில் என்ன இருக்கும் என்று ஊகிப்பதிலும் ஈடுபடுகிறது. சும்மா இருக்கும் மூளை என்று ஒன்று இல்லை.

எனவே எண்ணங்கள் எழுவதற்கு முயற்சி தேவையில்லை. அவற்றை ஒரு திசையில் செலுத்துவதற்கே முயற்சி தேவைப்படுகிறது. செய்யும் வேலையை விட்டு எண்ணம் வேறெங்கோ செல்வதை 'மன அலைவு' என்பர். மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் ஆகியோர் 2010-இல் 2,250 பேரிடம் கைப்பேசிச் செயலி வழியாக நாளின் வெவ்வேறு பொழுதுகளில் கேட்டறிந்தபோது, கேட்கப்பட்ட தருணங்களில் 46.9 விழுக்காட்டில் மனம் அலைந்துகொண்டிருந்தது. விழித்திருக்கும் பொழுதில் ஏறத்தாழ பாதியை இவ்வாறு கழிக்கும் மனத்துக்கு ஓர் அறையில் 15 நிமிடம் கழிக்க முடியாமற்போவது முரணாகத் தோன்றலாம். ஆனால் பேருந்தில் செல்கையில் தானாக எழுந்து தானாக மறையும் நினைப்பு வேறு. இப்போது இனிமையாகச் சிந்தி என்று ஏவப்பட்டு, எதைச் சிந்திப்பது என்று தேர்ந்து, அதைக் கைவிடாமல் பற்றி, குறுக்கே வரும் நிலுவை வேலைகளையும் பழைய மனத்தாங்கல்களையும் விலக்கி, அதற்கிடையே அந்தச் சிந்தனையை அனுபவிக்கவும் வேண்டியிருப்பது வேறு. நாவல் படிப்பவருக்கு அடுத்த வரியைப் புத்தகம் தருகிறது. தனித்துச் சிந்திப்பவர் அந்த வரியையும் தாமே ஆக்கி, அதே நொடியில் தாமே சுவைக்க வேண்டும். ஒரு சில செய்திகளை மட்டுமே ஒரு நேரத்தில் தாங்கக்கூடிய 'செயற்படு நினைவு' என்னும் குறுகிய இடத்தில் இத்தனையும் நடக்க வேண்டியிருக்கிறது.

இந்த விளக்கம் சரியென்றால், சுமையைச் சற்றுக் குறைத்தாலே இன்பம் கூட வேண்டும். வில்சன் குழுவில் பணியாற்றிய எரின் வெஸ்ட்கேட் 2017-இல் வெளியிட்ட ஆய்வு அதைத்தான் சோதித்தது: சிந்திக்க விரும்பும் பொருள்களை முன்கூட்டியே எழுதிவைத்து, இடையிடையே அந்தக் குறிப்பைப் பார்த்துக்கொள்ள இடம் கொடுத்தபோது, எந்தத் துணையும் இல்லாதவர்களைவிட அவர்கள் மிகுதியாக இன்புற்றனர். தேர்வு செய்யும் வேலையை ஒரு துண்டுக் காகிதம் ஏற்றுக்கொண்டது என்பதைத் தவிர அங்கே வேறெதுவும் மாறவில்லை. இதனைத் தியானத்தோடு குழப்பிக்கொள்வதும் பொருந்தாது. தாயுமானவர் முதலியோர் போற்றும் 'சும்மா இருத்தல்' எண்ணங்களே அடங்கிய நிலை, இந்தச் சோதனைகள் கேட்பதோ எண்ணங்களை விரும்பியபடி ஓட்டிச் செல்லும் திறனை.

இயல்பாகவே எல்லோருக்கும் தனிமைச் சிந்தனை ஒரே அளவில் எளிதாகிவிடுவதில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். தமிழில் பழைய நினைவுகளை 'அசைபோடுதல்' என்பது பெரும்பாலும் இனிமையான சொல்லாட்சி. உளவியலில் அதே உருவகம், தன் துயரத்தையும் அதன் காரணங்களையும் தீர்வு காணாமல் சுற்றிச் சுற்றி வரும் போக்கைக் குறிக்கிறது. சூசன் நோலன்-ஹோக்ஸீமா 1990-களிலிருந்து செய்த ஆய்வுகள், அப்போக்கு மனச்சோர்வை நீட்டிக்கவும் ஆழப்படுத்தவும் வல்லது என்று காட்டின. அத்தகையோருக்குக் கைப்பேசியை எடுப்பது சோம்பலாக இராமல், தற்காப்பாகவும் இருக்கக்கூடும்.

மற்றவர்களைப் பொறுத்தவரை, இடர்ப்பாட்டில் ஒரு பங்கு அனுபவத்தில் இல்லை, எதிர்பார்ப்பில் இருக்கிறது என்பதை ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆயா ஹதானோவும் சக ஆய்வாளர்களும் 2022-இல் காட்டினர். மொத்தம் 259 பேர் கலந்துகொண்ட ஆறு சோதனைகளில், எதுவும் செய்யாமல் எண்ணங்களோடு மட்டும் காத்திருப்பது எவ்வளவு இனிமையாக இருக்கும் என்று முதலில் கணிக்கச் சொல்லி, பின்னர் அவ்வாறே காத்திருக்கச் செய்து, உண்மையில் எப்படி இருந்தது என்று கேட்டனர். கணித்ததைவிட அனுபவம் இனிமையாகவே அமைந்தது. இருட்டாக்கப்பட்ட இடத்திலும், 20 நிமிடம் நீண்ட காத்திருப்பிலும் அது மாறவில்லை. ஒரு சோதனையில் இணையத்தில் செய்தி படிப்பதோடு ஒப்பிடப்பட்டது: செய்தி படிப்பதே கூடுதல் இன்பம் தரும் என்று கணிக்கப்பட்டிருக்க, இரு பிரிவினரும் பின்னர் அளித்த மதிப்பெண்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆய்வுக்கூடத்துக்கு வெளியே இந்தக் கணிப்பு சோதிக்கப்படுவதற்கான வாய்ப்பு அரிது. ஏனெனில் மருத்துவமனை வரிசையிலோ தொடர்வண்டி நடைமேடையிலோ காத்திருப்பு தொடங்கிய சில விநாடிகளிலேயே கைப்பேசி வெளியே வந்துவிடுகிறது.