தண்ணீர் வராத நேரத்தில் குழாய்க்குள் என்ன நடக்கிறது?

ஸ்ரீவில்லிபுத்தூரில் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா என்று ஊருக்கு வந்த விருந்தாளி கேட்டால் இரண்டு விதமான பதில் கிடைக்கும். “மலைத் தண்ணிதான், தாராளமாக் குடிங்க” என்பார் ஒருவர். “எதுக்கும் காய்ச்சிக் குடிங்க” என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் சரி. முதலாமவர் தண்ணீர் புறப்படும் இடத்தை நினைத்துச் சொல்கிறார். அடுத்தவர் அது வந்து சேரும் வழியை நினைத்துச் சொல்கிறார். நிலத்தடி நீரை நம்பி வாழும் சிற்றூர்கள் பலவற்றுக்கும் இந்த இரண்டு பதிலும் பொருந்தும்.

புறப்படும் இடத்தை முதலில் பார்ப்போம். ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் செண்பகத்தோப்பு. சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988இல் சரணாலயமாகி, 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்த காடு அங்கேதான் தொடங்குகிறது. மலையில் பெய்யும் மழை ஓடைகளில் இறங்கி, அடிவாரத்து மணலிலும் சரளையிலும் புகுந்துவிடுகிறது. அங்குள்ள கிணறுகளிலிருந்து நகராட்சி தண்ணீர் எடுக்கிறது. அது போதாமல் தாமிரபரணித் தண்ணீரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வந்து சேர்கிறது. பக்கத்து ராஜபாளையத்தில் கதை வேறு. அங்கே அய்யனார் கோயில் போகும் வழியில் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வானம் பார்த்துக் கிடக்கிறது.

மண்ணுக்குள் புகுந்து வருவதால் தண்ணீருக்கு என்ன நன்மை? மனிதக் குடலிலும் மாட்டின் குடலிலும் வாழும் பாக்டீரியாக்களுக்குச் சூடும் நிறைந்த உணவும் வேண்டும். நிலத்தடியில் இரண்டும் இல்லை. அவை மணல்துகள்களில் ஒட்டிக்கொள்கின்றன, பட்டினி கிடக்கின்றன, மண்ணில் வாழும் பிற நுண்ணுயிர்களுக்கு இரையாகின்றன. ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் குடிநீர்க் கிணற்றைச் சுற்றி ஒரு எல்லை வகுத்திருக்கிறார்கள். எந்த இடத்தில் விழும் அழுக்கு மண்ணுக்குள் 50 நாள் பயணம் செய்த பிறகே கிணற்றை எட்டுமோ, அதுவரை பாதுகாப்பு வளையம். நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவை அந்தப் பயணத்தைத் தாங்காது என்பது கணக்கு. செண்பகத்தோப்பில் அந்த வளையத்தைக் காடே போட்டுக் கொடுத்திருக்கிறது. மலைச்சரிவில் செப்டிக் டேங்க் கிடையாது, சாக்கடை கிடையாது. புலிகள் காப்பகம் என்றால் நமக்குப் புலிதான் நினைவுக்கு வரும். ஒரு நகரத்தின் கிணற்றைக் காக்கிற வேலையையும் அது சம்பளமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது.

ஊருக்குள் வீடுகளில் போட்டிருக்கும் போர்த் தண்ணீருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. இந்தப் பக்கத்து அடிநிலம் கெட்டிப் பாறை. மலையில் சார்னோக்கைட் என்ற பாறை மிகுதி. இந்தப் பாறைக்குள் தண்ணீர் ஊறி நிற்க இடம் கிடையாது. மேலே உளுத்துப்போன பகுதியிலும் கீழே விரிசல்களிலும்தான் அது தங்குகிறது. மணல் வடிகட்டும், விரிசல் வடிகட்டாது. நாலு வீடு தள்ளி இருக்கும் செப்டிக் டேங்க் கழிவு ஒரு விரிசல் வழியாகச் சீக்கிரமே போருக்குள் போய்விட முடியும். அப்படிக் கலக்கும்போது கிருமியோடு நைட்ரேட்டும் சேர்ந்து வரும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது இந்தியத் தரநிலை. பால்பவுடரை அந்தத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து, உடல் நீலம் பாரிக்கலாம்.

பாறையே தண்ணீரில் சேர்க்கிற பொருள் ஃபுளோரைடு. பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் போன்ற கனிமங்களில் அது இருக்கிறது. தண்ணீர் எவ்வளவு காலம் பாறையோடு கிடக்கிறதோ அவ்வளவு கரைத்துக்கொள்ளும். ஆகவே ஆண்டுக்காண்டு போரை ஆழமாக்கிக்கொண்டே போவதில் தண்ணீர்ப் பஞ்சத்துக்கு அப்பாற்பட்ட ஓர் ஆபத்தும் இருக்கிறது. இங்கே நாக்கு நம்மை ஏமாற்றிவிடும். தண்ணீரில் கால்சியம் அதிகமிருந்தால், அது ஃபுளோரைடைப் பிடித்துப் படிய வைத்துவிடும். பருப்பு வேகாத, சோப்பு நுரைக்காத, பாத்திரத்தில் வெள்ளைப் படலம் விடுகிற தண்ணீரில் ஃபுளோரைடு பெரும்பாலும் குறைவு. கால்சியம் குறைந்து சோடியம் மிகுந்த தண்ணீர் வாய்க்கு மெதுவாக இருக்கும், சோப்பும் நன்றாக நுரைக்கும். ஃபுளோரைடு ஏறுவது இந்த வகையில்தான். ‘உப்புத் தண்ணி’, ‘நல்ல தண்ணி’ என்று நாம் பிரித்து வைத்திருப்பது சமையலுக்கும் குளியலுக்கும் சரியான பிரிவு. எலும்புக்கும் பல்லுக்கும் அது காணாது.

ஃபுளோரைடு மிகுந்தால் எலும்பையும் பல்லையும் தாக்கும் நோய் இந்தியாவில் முதலில் அடையாளம் காணப்பட்டது அன்றைய சென்னை மாகாணத்தில்தான். நெல்லூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பற்கள் கறுத்து, முதுகு வளையாமல் விறைத்து, நடக்க முடியாமல் போனவர்களைக் கிண்டி கிங் நிலையத்தின் ஹென்றி ஷார்ட்டும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து, கிணற்றுத் தண்ணீரின் ஃபுளோரைடுதான் காரணம் என்று 1937இல் எழுதினார்கள். இன்றைய இந்தியத் தரநிலையில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்காக ஒகேனக்கலிலிருந்து காவிரியைக் குழாயில் கொண்டுபோய் 2013இல் திறந்துவிட்டதற்குக் காரணம் இந்தச் சின்ன எண்தான். காய்ச்சினால் ஃபுளோரைடும் போகாது, நைட்ரேட்டும் போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய அவற்றின் செறிவு கொஞ்சம் கூடவே செய்யும். காய்ச்சுவது கிருமிக்கு மட்டுமே மருந்து.

இனி வந்து சேரும் வழி. நகராட்சித் தண்ணீரைப் பொறுத்தவரை உண்மையான ஆபத்து கிணற்றில் இல்லை, பாறையிலும் இல்லை. அது தெருவில் இருக்கிறது, அதுவும் தண்ணீர் வராத நேரத்தில் இருக்கிறது.

நம் ஊர்களில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். வால்வைத் திறந்ததும் குழாய்க்குள் அழுத்தம் ஏறுகிறது. எங்காவது ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே கசியும், அவ்வளவுதான். நஷ்டமே தவிர ஆபத்து இல்லை. வால்வை மூடியதும் நிலைமை தலைகீழாகிறது. பள்ளத்து வீடுகளில் கடைசித் தண்ணீர் வடிந்து இறங்க இறங்க, மேட்டுத் தெருக் குழாயில் வெற்றிடம் உண்டாகிறது. சிலர் வீட்டு இணைப்பில் மோட்டார் போட்டு இழுக்கும்போது அது இன்னும் கடுமையாகிறது. ஸ்ட்ராவில் ஓட்டை இருந்தால் இளநீரோடு காற்றும் வாய்க்கு வருமே, அதேபோல் தண்ணீர் கசிந்து வெளியேறிய அதே ஓட்டை வழியாக வெளியே உள்ளது உள்ளே வருகிறது. வெளியே என்ன இருக்கிறது? பல தெருக்களில் குடிநீர்க் குழாய் சாக்கடை ஓரமாகவே, சில இடங்களில் சாக்கடைக்குள்ளேயே போகிறது. அடுத்த முறை குழாயைத் திறந்ததும் கலங்கலாக வருகிற முதல் தண்ணீருக்கு இதுவும் ஒரு காரணம்.

இதைத் தெளிவாக நிரூபித்த ஊர் கர்நாடகத்தின் ஹூப்பள்ளி–தார்வாட். அங்கே சில வார்டுகளுக்கு மட்டும் 24 மணி நேரமும் தண்ணீர் கொடுத்தார்கள். மற்ற வார்டுகளுக்குச் சில நாளுக்கு ஒருமுறை. சுத்திகரித்து அனுப்பிய தண்ணீர் ஒன்றே. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் எமிலி கும்பெலும் காரா நெல்சனும் இரண்டு பகுதிகளிலும் குழாய்த் தண்ணீரை எடுத்துச் சோதித்து 2013இல் வெளியிட்டார்கள். முறை வைத்து விடும் பகுதிகளில் எடுத்த மாதிரிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலி இருந்தது. இடைவிடாமல் வரும் பகுதியில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. குழாயில் எந்நேரமும் அழுத்தம் இருந்தது என்பதுதான் இரண்டுக்கும் நடுவில் இருந்த பெரிய வேறுபாடு.

அழுத்தம் இல்லாத ஊரில் நமக்குக் காவல் பிளீச்சிங் பவுடர். அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் 1908இல் ஜான் லீல் என்ற மருத்துவர், யாரையும் கேட்காமல் நகரத்தின் நீர்த்தேக்கத்தில் இந்தப் பொடியைக் கலக்கத் தொடங்கினார். விஷத்தைக் கலக்கிறார் என்று நீதிமன்றத்தில் வாதம் நடந்து, அவர் செய்தது சரி என்று தீர்ப்பானது. நம் மேல்நிலைத் தொட்டிகளில் 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்ற கணக்கில் அதைக் கரைத்து ஊற்றுகிறார்கள். லட்சம் லிட்டர் தொட்டிக்கு அரைக்கிலோகூட ஆகாது. தண்ணீரில் கரைந்ததும் ஹைப்போகுளோரஸ் அமிலம் என்ற மூலக்கூறு உருவாகிறது. பாக்டீரியாவின் மேலுறை எதிர்மின்னேற்றம் கொண்டது. தன்னைப் போலவே மின்னேற்றம் உள்ளதை அது விலக்கிவிடும். இந்த மூலக்கூறுக்கோ மின்னேற்றமே இல்லை. தடையில்லாமல் நுழைந்து உள்ளே இருப்பதைச் சிதைத்துவிடும். காரத்தன்மை கூடிய தண்ணீரில் இதே மூலக்கூறு மின்னேற்றம் பெற்று வலிமை இழக்கிறது. பாறையிலிருந்து வரும் நம் தண்ணீர் பெரும்பாலும் கொஞ்சம் காரமானது. ஆகவே பொடி போட்டவுடன் வால்வைத் திறக்கக் கூடாது, அரை மணி நேரமாவது விட வேண்டும். பொடியும் பழசாகக் கூடாது. ஈரக்காற்று பட்டால் மூட்டையிலேயே வீரியம் போய்விடும்.

தொட்டியில் போட்டது எல்லாம் அங்கேயே செலவாகிவிடாமல், கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்க வேண்டும் என்பது தரநிலை. வழியில் ஓட்டை வழியாக அழுக்கு புகுந்தால் அதை எதிர்கொள்ள அந்த மிச்சம் வேண்டும். ஆகவே குழாயைத் திறந்ததும் லேசாக மருந்து வாடை வந்தால் முகம் சுளிக்க வேண்டாம், காவல் வீடுவரை வந்திருக்கிறது. குடத்தைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் வாடை குறைந்துவிடும். என்றைக்குமே வாடை வராத தெருவில் இருப்பவர்கள்தான் கேள்வி கேட்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் ஆய்வகம் தேடி ஓடவும் வேண்டியதில்லை. குவாலியர் பாதுகாப்புத் துறை ஆய்வு நிலையத்தில் மஞ்சா, மௌரியா, ராவ் என்ற மூவர் 1982இல் ஒரு சிறு பாட்டில் சோதனையை வெளியிட்டார்கள். மருந்து தோய்ந்த காகிதம் உள்ள பாட்டிலில் தண்ணீரை நிரப்பி மூடி வைத்தால் போதும். மலத்தோடு வரும் பாக்டீரியாக்கள் பல ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்கும், அது பாட்டிலில் உள்ள இரும்போடு சேர்ந்து தண்ணீரைக் கறுப்பாக்கிவிடும். கிருமி வளர்க்கும் சூட்டுப் பெட்டிகூட வேண்டாம். நம் ஊர் வெக்கையே அதைப் பார்த்துக்கொள்ளும், ஓரிரு நாளில் பதில் தெரியும். ஒரு இந்திய நிலையத்தில் பிறந்த இந்த எளிய சோதனையை இன்று உலகமெங்கும் பயன்படுத்துகிறார்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமங்களுக்குக் கொடுக்கும் சோதனைப் பெட்டிகளிலும் இந்தப் பாட்டில் உண்டு.

முறைத் தண்ணீர் இன்னொரு தீங்கையும் கொண்டுவருகிறது. நாலு நாளைக்குச் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருப்பதால் குடமும் டிரம்மும் தொட்டியும் நிரம்பிக் கிடக்கின்றன. சரியாக மூடாத அந்த நல்ல தண்ணீரில்தான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. கை விட்டு மொண்டால், குழாயில் வராத கிருமியும் குடத்தில் சேர்ந்துவிடும்.

இந்த நிலை மாறாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூரைப் போலவே தேரும் திருவிழாக் கூட்டமும் உள்ள புரி நகரம், 2021 ஜூலையில் 24 மணி நேரமும் குழாயிலிருந்து நேராகக் குடிக்கக்கூடிய தண்ணீரைக் கொடுக்கத் தொடங்கியது. இந்தியாவில் அதைச் செய்த முதல் நகரம் அது. நம் ஊருக்கு ஒரு வகையில் இன்னும் வசதி. ஊற்றுக்கண்ணில் காடு தன் பங்கைச் செய்துவிட்டது. மீதியுள்ளது பழைய குழாயை மாற்றுவது, சாக்கடையிலிருந்து அதைப் பிரிப்பது, அழுத்தம் விழாமல் வைத்திருப்பது. செலவு பெரிதுதான், ஒரே ஆண்டில் முடியாது. ஆனால் ஒரு காரியத்தை நாளைக்கே தொடங்கலாம். மேல்நிலைத் தொட்டிகளின் மேல் சுத்தம் செய்த தேதியைப் பெயிண்டில் எழுதி வைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே, அந்தத் தொட்டியிலிருந்து தண்ணீர் போகும் கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் இந்த வாரம் குளோரின் எவ்வளவு இருந்தது என்றும் எழுதச் சொல்லி வார்டு கவுன்சிலரிடம் கேட்கலாம்.