கப்பியும் கயிறும்: இயக்கவியற் கணக்கை அணுகும் முறை

பௌதிகவியல் பயிலும் மாணவர் பலர் இயக்கவியற் பகுதிக்கு வந்ததும் தயங்கி நின்றுவிடுகின்றனர். நியூற்றன் 1687ஆம் ஆண்டில் வெளியிட்ட மூன்று விதிகளையும் அவர்கள் பிழையின்றி ஒப்புவிப்பர். சூத்திரங்களையும் மனனஞ் செய்திருப்பர். ஆயினும் கணக்கொன்றைக் கண்டதும், எங்கே தொடங்குவதென அறியாது பிறர் உதவியை நாடுவர். இப்பாடம் தமது அறிவுக்கு எட்டாதெனக் கருதி, விஞ்ஞானத்தையே கைவிடுவோரும் உளர். இத்தகையோரின் இடர்ப்பாடு பெரும்பாலும் கணக்கை அணுகும் முறையிலேயே தங்கியுள்ளது. ஓர் எளிய உதாரணத்தைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

கிணற்றுக் கப்பியை நாம் யாவரும் அறிவோம். உராய்வற்ற, இலேசான கப்பியொன்றின் மேலாக இலேசான, நீளாத கயிறொன்று செல்கின்றதெனக் கொள்வோம். அதன் ஒரு முனையில் 3 கிலோகிராம் திணிவும் மறுமுனையில் 2 கிலோகிராம் திணிவும் தொங்குகின்றன. கையை எடுத்துவிட்டால் அவை எவ்வளவு ஆர்முடுகலுடன் இயங்கும்? கயிற்றின் இழுவை யாது?

இவ்வமைப்புக்கு ஒரு வரலாறு உண்டு. கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் அற்வூட் என்பார் 1784ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை விவரித்தார். தடையின்றி வீழும் பொருள் முதற் செக்கனிலேயே ஏறக்குறைய 4.9 மீற்றர் தூரம் வீழ்ந்துவிடும். அதனை நேரே அளந்தறிதல் எளிதன்று. இரு திணிவுகளை ஒன்றுக்கொன்று எதிராகத் தொங்கவிட்டால் வீழ்ச்சி மெதுவாகும். கண்ணாற் பார்த்து அளக்கலாம்.

இனிக் கணக்குக்கு வருவோம். மாணவர் பலர் எடுத்த எடுப்பில், 3 கிலோகிராமின் நிறை 29.4 நியூற்றன், ஆகவே இழுவையும் 29.4 நியூற்றன் என எழுதிவிடுகின்றனர். இது பொருந்துமா? நிறை கீழ்நோக்கி 29.4, இழுவை மேல்நோக்கி 29.4 என்றால் இரண்டும் சமனாகிவிடும். ஓய்விலிருந்த பொருள் ஓய்விலேயே இருக்கும். ஆனால் அது கீழிறங்குகின்றது. ஆகவே இழுவை 29.4இலும் குறைவாகவே இருத்தல் வேண்டும். மறுபுறத்தே 2 கிலோகிராம் மேலெழுகின்றது. ஆகவே இழுவை அதன் நிறையாகிய 19.6இலும் கூடியதாயிருத்தல் வேண்டும். சமன்பாடு எதனையும் எழுதுமுன்னரே விடையின் எல்லைகளை அறிந்துகொண்டோம்.

அடுத்த படி, ஒரு பொருளை மட்டும் தனியே பிரித்து வரைவதாகும். அதனை எவை தொடுகின்றன? தொடுகின்ற ஒவ்வொன்றும் ஒரு விசையைத் தரலாம்; புவியீர்ப்பு தொடாமலே விசை தரும். இவை தவிர வேறு விசை இல்லை. இயங்கும் பொருளுக்கு, இயங்கும் திசையிலே தனியாக ஒரு விசை உண்டென எண்ணி அதனையும் வரைந்துவிடுவது பலரிடம் காணப்படும் தவறு.

3 கிலோகிராமைக் கயிறு மட்டுமே தொடுகின்றது. ஆகவே 29.4இலிருந்து இழுவையைக் கழிக்க வருவது, 3 மடங்கு ஆர்முடுகலாகும். 2 கிலோகிராமுக்கு, இழுவையிலிருந்து 19.6ஐக் கழிக்க வருவது, 2 மடங்கு ஆர்முடுகலாகும். கயிறு நீளாததால் இரு ஆர்முடுகல்களும் பருமனிற் சமன். இரு சமன்பாடுகளையும் கூட்டினால் இழுவை நீங்கிவிடும், 9.8 என்பது 5 மடங்கு ஆர்முடுகலுக்குச் சமனாகும். எனவே ஆர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் 1.96 மீற்றர், இழுவை 23.52 நியூற்றன். அது நாம் முன்னர் கண்ட எல்லைகளுக்குள்ளே அமைந்திருத்தலைக் காண்க.

விடை கிடைத்ததும் தாளை மூடிவிடலாகாது. இரு திணிவுகளும் சமனாயின் யாது நிகழும்? ஆர்முடுகல் பூச்சியமாகும், அது இயல்பே. இன்னுமொரு வினா: கப்பியைத் தாங்கும் கொளுக்கி எவ்வளவு விசையைச் சுமக்கின்றது? இரு நிறைகளின் கூட்டுத்தொகை 49 நியூற்றன். கொளுக்கியோ இரு மடங்கு இழுவையாகிய 47.04 நியூற்றனையே சுமக்கின்றது. எஞ்சிய 1.96 எங்கே? பாரமான திணிவு கீழிறங்க, இலேசானது மேலெழுவதால், இரண்டும் சேர்ந்த தொகுதியின் திணிவு மையம் கீழ்நோக்கி ஆர்முடுகுகின்றது. அதற்கு வேண்டிய விசையே அந்த 1.96 நியூற்றன். இத்தகைய வினாவை எழுப்பி விடை கண்ட மாணவனுக்குக் கணக்கு வெறும் எண் விளையாட்டாகத் தோன்றாது.

உதவி கேட்கும் மாணவர்க்கு ஒரு வார்த்தை. "விடை என்ன?" என வினவாதீர்கள். நீங்கள் வரைந்த படத்தையும் எழுதிய வரிகளையும் காட்டி, "இந்த வரிக்கு மேல் செல்ல முடியவில்லை" எனக் கூறுங்கள். உதவும் ஆசிரியரும் தமையன், தமக்கையரும் முழுக் கணக்கையும் செய்து கொடுத்துவிட்டால், அடுத்த கணக்கிலும் மாணவன் அதே இடத்திலே நிற்பான். "எந்தப் பொருளைப் பிரித்தெடுத்தாய்? அதனை எவை தொடுகின்றன?" என்ற இரு வினாக்களை மட்டும் கேட்டுச் சற்றுப் பொறுத்திருங்கள். தானே கண்டுபிடித்த ஒரு வரி, பிறர் எழுதிக் கொடுத்த பத்துப் பக்கங்களிலும் நெடுங்காலம் அவன் நினைவில் நிற்கும்.