முகவரியைப் பூட்டினால் போதுமா?

விக்கிப்பீடியாவில் விளம்பர இணைப்புகளைத் திணிப்பவர்களை விரட்ட, ஐ.பி. முகவரியைத் தடுப்பது பழைய வழி. தன் முகவரியை மறைக்கும் விபிஎன் வைத்திருப்பவருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. சர்வரை மாற்றினால் நொடியில் புது முகவரி. அதனால்தான் அங்கே விபிஎன் சர்வர்களின் முகவரிகளைக் கூட்டம் கூட்டமாகத் தடுக்கிறார்கள். ஆனால் அடி யார் மேல் விழுகிறது? 2019 ஏப்ரல் முதல் சீனா எல்லா மொழி விக்கிப்பீடியாக்களையும் முடக்கியிருக்கிறது. அங்கிருந்து எழுத நினைப்பவருக்கு விபிஎன்னை விட்டால் வேறு வழி அநேகமாக இல்லை. விதிவிலக்கு கேட்டு விண்ணப்பிக்கலாம் என்பது உண்மை. ஆனால் புதிதாக வருபவருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. போதாக்குறைக்கு, ஐபிவி4 எனும் பழைய வகை ஐ.பி. முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி என்பதால், மொபைல் நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. ஒருவருக்கான தண்டனை ஊருக்கே விழுகிறது.

ஆகவே முகவரியை விட, கணக்கு வழியாக நடத்தையைப் பார்ப்பதே நியாயம். போர்த்துகீசிய விக்கிப்பீடியா 2020 அக்டோபரில் கணக்கில்லாதவர்கள் கட்டுரைகளைத் திருத்துவதை நிறுத்தியது, நாசவேலை குறைந்தது. கணக்கை ஆயிரக்கணக்கில் உருவாக்கலாமே என்று கேட்கலாம். உருவாக்கலாம்தான். ஆனால் ஆங்கில விக்கிப்பீடியாவில் பாதி பூட்டிய பக்கங்களைத் தொட, கணக்குக்கு 4 நாள் வயதும் 10 திருத்தங்களும் வேண்டும். ஸ்பாம் என்பது வேகத்தில் பிழைக்கும் தொழில். காத்திருப்பு அதன் லாபத்தைத் தின்கிறது. கணக்கு கேட்டால் புதியவர்கள் சிலர் திரும்பிப் போவார்கள் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனாலும், கணக்கு தொடங்கச் சில நிமிடம் செலவழிப்பது, வாசலிலேயே காரணம் தெரியாமல் தடுக்கப்படுவதை விட மேல்.