கம்பு வேலி

வேர்க்கடலைக்கு நடுவே கம்பு விதைப்பது ஏன், தெரியுமா? மொட்டுக் கருகல் நோயின் வைரசைச் செடிக்குச் செடி பரப்புவது இலைப்பேன் என்னும் நுண்பூச்சி. காற்றில் மிதந்து வரும் அதனை உயர்ந்து நிற்கும் கம்பு வரிசை வேலிபோல் மறிக்கிறது, நோய் குறைகிறது.

ஆனால் எல்லா இடருக்கும் ஊடுபயிர் மருந்தாகுமா? மாதனூர் அமைந்துள்ள பாலாற்றுப் பகுதியில் தோல் ஆலைகளின் உப்புக் கழிவு விளைநிலங்களைக் கெடுத்தது. உப்பு மண்ணில் வேர்கள் நீரை உறிஞ்சத் திணறும். காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கும் வேர்முடிச்சுகளும் குன்றிவிடும். வேர்க்கடலையின் குடும்பத்தைச் சேர்ந்த சோயா மொச்சைக்கும் இதே கதிதான். கெட்ட நிலத்தைச் சீராக்கும் செலவை மாசுபடுத்தியவர்களே ஏற்கவேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பூச்சியைக் கம்பு மறிக்கும். உப்பையோ ஆலை வாயிலிலேயே மறித்தாக வேண்டும்.