காதைப் பொத்திக்கொண்டு ஓடியவன்

எம்.ஏ. வகுப்பில் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிக'த்தை (1894) துறவுக் காப்பியமாகத்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பெண்டு பிள்ளைகளை உதறிவிட்டு முத்தி தேடிப் போகிறவன் என்றால், பட்டினத்தார் பக்கத்தில் உட்காரவைத்துவிடுவது நமக்குச் சுலபம். நானும் அப்படித்தான் பரீட்சை எழுதினேன். அதன் மூலநூலான ஜான் பன்யனின் 'மோட்சப் பிரயாண'த்தையும் (1678) பன்யனின் வாழ்க்கையையும் சேர்த்து வாசித்த பிறகு, எழுதிய விடை தப்பு என்று பட்டது.

பன்யனின் நாயகன், மனைவியும் மக்களும் கூப்பிடக் கூப்பிட, காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். இதற்குப் பின்னால் இருப்பது லூக்கா 14:26. பெற்றோரையும் மனைவி மக்களையும் வெறுக்காதவன் சீடனாக முடியாது என்கிற இடம். மத்தேயு 10:37இல் இதே கருத்து 'என்னைவிட அதிகமாக நேசிப்பவன்' என்று தணிந்து வருகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் பேச்சு வரிசையைப் பற்றியது என்று புரியும். துறவில் குடும்பம் என்ற இடமே இல்லாமல் போகிறது. இங்கே அது இரண்டாமிடத்தில், கண்ணெதிரிலேயே நிற்கிறது. போதாததற்கு மாற்கு 7இல், பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் கடவுளுக்கு நேர்ந்துவிட்டதாகச் சொல்லிக் கைகழுவுகிறவர்களை இயேசு கண்டிக்கவும் செய்கிறார். ஆக, பக்தியைக் காட்டிக் கடமையிலிருந்து தப்பிக்க இந்தப் பிரதி இடம் கொடுப்பதில்லை.

பன்யன் ஓட்டைப் பாத்திரம் அடைக்கிற தொழிலாளி. அரசுத் திருச்சபையின் அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காக 1660இல் கைதானார். 'இனிப் பிரசங்கிக்க மாட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். சொல்லவில்லை. ஏறக்குறைய 12 வருஷம் பெட்ஃபோர்டு சிறையில் கழிந்தது. சரி, பிள்ளைங்க? முதல் மனைவி விட்டுப்போன குழந்தைகள் நான்கு. மூத்த பெண்ணுக்குப் பார்வை கிடையாது. சிறைக்குள் உட்கார்ந்து நாடாக்களுக்கு உலோக முனை பொருத்தி, விற்ற காசில் வீட்டுக்கு உதவினார். இவர் எதைத் துறந்தார்? தன் வரலாற்றில் (1666) குடும்பத்தைப் பிரிந்ததை, எலும்பிலிருந்து சதையைப் பிய்ப்பதற்கு ஒப்பிடுகிறார். புனைவில் காதைப் பொத்திக்கொண்டவருக்கு நிஜத்தில் அது முடியவில்லை. கதையில் வரும் நான்கு பிள்ளைகளும் ஆண்கள். பார்வையற்ற அந்தப் பெண்ணை அவர் கதைக்குள் கொண்டுவரவேயில்லை. அந்தக் குரலுக்கு எந்தக் காதைப் பொத்துவது?

இரண்டாவது மனைவி எலிசபெத் அப்போது கர்ப்பிணி. கைதான செய்தி கேட்ட அதிர்ச்சியில் வலி கண்டு, பிறந்த குழந்தை செத்துப்போனது. 1661இல் நீதிபதிகள் முன்னால் போய் நின்று இதையும் சொன்னார், பிள்ளைகளுக்குச் சோற்றுக்கு வழியில்லாததையும் சொன்னார். பிரசங்கத்தை விடுவாரா என்று கேட்டபோது, பேச நாக்கு இருக்கிறவரை விடமாட்டார் என்கிற பதிலையும் அவரேதான் சொன்னார். விசுவாசமா குடும்பமா என்று நாம் போடுகிற எதிர்நிலை இந்தப் பெண்ணின் பேச்சில் நிற்கவில்லை. இரண்டுக்கும் சேர்த்தே வழக்காடினார்.

கதையில் மனைவிக்குப் பயணம் கிடைப்பது 1684இல் வந்த இரண்டாம் பாகத்தில்தான். நீதிமன்றத்தில் எலிசபெத் பேசியதைப் பன்யன் எழுதிவைத்திருந்தாலும், அது அச்சேறியது 1765இல். அவர் இறந்து 77 வருஷம் கழித்து.

பன்யன் செய்தது சரியா என்று கேட்டால், செத்த குழந்தையை வைத்துக்கொண்டு என்னால் சட்டென்று தலையாட்ட முடியவில்லை. மனச்சாட்சிக்கு விரோதமாக ஒரு வார்த்தை கொடுத்திருக்கலாமே என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். விசுவாசத்தை முதலில் வைக்கிறவன் தனியாக விலை கொடுப்பதில்லை. அந்த விலையில் பாதியைக் கொடுத்தவளையும் விசுவாசி என்று எண்ணாத வாசிப்பு, என் பரீட்சை விடையைப் போலவே, அரை வாசிப்புதான்.